காசு கொடுத்து நடத்தலும் காசுக்கு நடத்தலும்: உடப்புசல்லாவை மலைநடை பற்றிய ஓர் ஆய்வு

மலைநடை எனப்படுவது, எவரும் வற்புறுத்தாத நிலையில், வேறு காரியம் ஏதுமில்லாத ஒருவர் ஏற்றமான வழியொன்றில் ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்து, அதற்காக மகிழ்ச்சியடைவதாகும். இலண்டனிலும் தொரொன்ரோவிலும் குடியிருந்து யூலை, ஆகஸ்ட் மாதங்களில் நாட்டுக்கு வரும் தமிழர் இவ்வரையறையை ஐயமின்றி ஏற்பர். எனினும் நுவரெலியா மாவட்டத்தின் கிழக்குச் சரிவிலுள்ள உடப்புசல்லாவைக்கு இதைப் பொருத்திப் பார்க்கையில், அங்குள்ள தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நாள்தோறும் செய்வது மலைநடையா அன்றா என்னும் சிக்கல் எழுகிறது; ஏனெனில் அவர்களும் ஏறுகின்றனர், இறங்குகின்றனர், லயக் குடியிருப்புக்கே திரும்புகின்றனர்.

முதலில் பருவம். ஐரோப்பாவில் கோடை நிலவும் மாதங்களில் தென்மேற்குப் பருவமழை மேற்கிலுள்ள ஹட்டன் பக்கத்தை நனைத்தெடுக்க, நடுவிலுள்ள மலைத்தொடர் அம்மழையைத் தடுத்துவிடுவதால், உடப்புசல்லாவைக்கு வறண்ட காற்று மட்டுமே வந்து சேர்கிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அக்காற்றினாலேயே இவ்வட்டாரத் தேயிலைக்கு அதன் சிறந்த மணம் வாய்க்கிறது. விடுமுறைக்கு வந்தவரோ அந்த வெயில் தமக்காகவே ஏற்பாடானது என்று கருதிக்கொள்கிறார்; இக்கருத்தை மறுப்பதால் எவருக்கும் நன்மையில்லை.

வரலாற்றை நோக்கின், அயல்நாட்டில் தங்கி மலைநடையையும் விலங்குகளையும் ஒருசேர அனுபவித்தோரில் முன்னோடியாகக் கொள்ளப்படுபவர் ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் ஆவார். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த இவர், வேட்டை நாய்களுடன் ஹோர்ட்டன் சமவெளியெங்கும் மரைகளைத் துரத்திக் கத்தியால் குத்திக் கொன்றார். அங்குள்ள நீர்வீழ்ச்சி இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. ஆனால் இம்முன்னோடிப் பட்டத்துக்கு வலுவான போட்டியாளர் உண்டு. அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களின் அறுவடைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, யானையும் கரடியும் உலவிய காட்டினூடே மாத்தளை வரை நடந்தனர். அயல்நாடு, பருவம், நெடுநடை, வனவிலங்கு ஆகிய நான்கு இலக்கணங்களும் அவர்களுக்குப் பொருந்தின. திரும்பிவருதலும் மகிழ்ச்சியடைதலும் மட்டும் பலருக்குக் கிட்டவில்லை, காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே இறந்தமையால். அத்தகைய நடைகள் தொடங்கிய 200 ஆண்டு நினைவாக 2023 யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட மக்கள் ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தனர். அதுவும் கோடை நடையே. எனினும் சுற்றுலாக் கையேடுகளில் அதற்கு இடமில்லை. கையேடுகளில் இடம்பெறுவது பீக்கோ நடைபாதையாகும்: கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக, பழைய தோட்டப் பாதைகளை இணைத்து வகுக்கப்பட்ட இது உடப்புசல்லாவைப் பக்கத்தையும் தொட்டுச் செல்கிறது. (நானுஓயாவிலிருந்து உடப்புசல்லாவையின் பெயரில் போடப்பட்ட குறுகிய ரயில்பாதை இராகலையோடு நின்று, 1940களில் அதுவும் மூடப்பட்டதால், இவ்வட்டாரத்தின் நடைப்பழக்கம் கெடாமல் காக்கப்பட்டது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.)

கருவிகளை ஒப்பிடுதல் அவசியம். பயணியின் முதுகுப்பை தோளில் தொங்கும். கொழுந்துக் கூடையோ தலையில் மாட்டிய கயிற்றிலிருந்து முதுகில் தொங்கும். தண்ணீரும் பிஸ்கட்டும் தீரத்தீர முதுகுப்பை நேரத்தோடு இலேசாகும். கூடை நேரத்தோடு கனக்கும். பயணி ஊன்றிக்கொள்ளக் கோல் வைத்திருக்கிறார். பறிப்பவரிடமுள்ள மட்டக்கம்பு, செடியின் மேற்பரப்பைச் சமமாகப் பேணுவதற்குரியது, ஊன்றுவதற்கன்று. பயணிக்கு மழையங்கி; பறிப்பவருக்கு, ஈரச்செடி உடலில் படாதவாறு இடுப்பில் சுற்றிக்கட்டும் படங்கு. அட்டைக்கு எதிராகப் பயணி முழங்கால் வரையிலான தனிக் காலுறையை விலைக்கு வாங்க, தோட்டத்தில் சவர்க்காரமும் உப்பும் போதுமெனக் கருதப்படுகின்றன. இரு முறைகளையும் அட்டைகள் ஏறத்தாழ ஒரே அளவில் மதிக்கின்றன.

வனவிலங்குப் பிரிவே இவ்வாய்வின் கடினமான பகுதி. சிறுத்தையைக் காண வேண்டுமென்று வெளிநாட்டார், உள்ளூராரைவிடப் பன்மடங்கு நுழைவுக் கட்டணம் செலுத்தி, விடியுமுன் சரணாலய வாசலில் காத்திருந்து, பெரும்பாலும் மரையைக் கண்டு திரும்புகின்றனர். சிறுத்தையைக் காணவே கூடாதென்று வேண்டிக்கொள்பவரோ, கான் எனப்படும் வடிகால் ஓரத்தில், தேயிலைச் செடியடியில், அதைக் கட்டணமின்றிக் காண்கிறார். ஆகவே காணும் வாய்ப்பு விருப்பத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது என்பது பெறப்படும். சிறுத்தைக்கும் மலையகம் பாதுகாப்பானதன்று: 2020 மே மாதம் நல்லதண்ணியில் கண்ணியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது; கண்ணி பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுவது. குளவியைக் காண எந்த நிறுவனமும் பயணம் நடத்துவதில்லை. ஆயினும் மலையகத்தில் ஆட்களை அது அடிக்கடி மருத்துவமனைக்கு அனுப்புகிறது.

உயரமோ தூரமோ விலங்கோ மலைநடையைத் தீர்மானிப்பதில்லை என்பது இதுவரை கூறியவற்றால் தெளிவு. நடப்பவர் காசு கொடுத்தால் அது மலைநடை. நடப்பவருக்குக் காசு கொடுத்தால் அது வேலை. நிறுவையில் கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம், விழுந்தால் அது எதுவென்று இவ்வாய்வால் வகைப்படுத்த இயலவில்லை.

இக்கோடையில் அப்பக்கம் வரும் வாசகர்கள் சவர்க்காரம் கொண்டுவருக; பறிப்பவரைப் படம்பிடிக்குமுன் அவரிடமே கேட்டுக்கொள்க; நிறுவை நடக்கும் இடத்தில் வழிமறித்து நிற்காதிருக்க.