கேட்டதும் கிடைத்ததும்

முகம் பார்க்கும்படி மின்னும் கருந்தரையோடு எங்கள் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கும் மண் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டினுடையது, அரண்மனை நிர்வாகமோ இன்றும் கேரள அரசினுடையது என்ற விசித்திரத்தை அனாயாசமாக ஜீரணித்துக்கொண்ட எங்களுக்கு, நகரத்தின் குப்பையை அள்ளுபவருக்கு எஜமானர் நகரமன்று, ஒப்பந்தக்காரரே என்னும் நவீன சித்தாந்தம் விளங்காமற்போக நியாயமில்லை.

சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு தனியார்வசமானதை ஆட்சேபித்து, பணி நிரந்தரமும் வேண்டி, 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்திருந்த பணியாளர்களை, நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸார் பேருந்துகளில் ஏற்றிச் சென்றனர். மறுநாள் கூடிய அமைச்சரவையோ, கேட்ட நிரந்தரத்தை விடுத்து, கேளாத காலைச் சிற்றுண்டியை இலவசமாக அருளியது. துப்புரவுப் பணியில் வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டுமென 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் விதித்தது. சிற்றுண்டிக்கு ஒரு நாளே போதுமானதாயிற்று.