எங்கள் மாடிக் கலெக்டர்

அண்ணா நகரில் வீட்டுக்கு ஒரு மரம் இருக்கிறதோ இல்லையோ, மாடிக்கு ஒரு கலெக்டர் இருக்கிறார். இன்னும் ஆகவில்லை என்பது சின்ன நிர்வாகத் தாமதம், அவ்வளவுதான். டீக்கடை மாஸ்டர், "கலெக்டர் சாருக்கு ஒரு லைட் டீ" என்று குரல் கொடுக்கிறார். இஸ்திரி வண்டிக்காரர் "கலெக்டர் சட்டை" என்று தனியாக எடுத்து வைக்கிறார். செங்கத்துப் பக்கம் அவருடைய ஊரில் பல வருடமாகவே அவருக்கு வேறு பெயர் கிடையாது. ஆக, மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாரும் அவரைக் கலெக்டராக ஏற்றுக்கொண்டாயிற்று.

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் இந்த ஜாதி கலெக்டர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். போனவர்களில் ஒன்றிரண்டு பேர் நிஜமாகவே தேறி மசூரிக்குப் பயிற்சிக்குப் போனார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பேப்பர்காரர்களே எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது, போகாமல் இருப்பவரைப் பற்றி.

வயது முப்பதைத் தாண்டியிருக்கும். முதுகில் ஒரு பை, கக்கத்தில் 'தி இந்து', சட்டைப் பையில் மூன்று நிற ஹைலைட்டர். அவருடைய லக்ஷ்மிகாந்த் அரசியல் சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் ஆளின் வரலாறே தெரியும். முதல் அட்டெம்ப்ட்டில் முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் அடித்தார். அடுத்ததில் மஞ்சள் படாதவற்றுக்குப் பச்சை. அதற்கடுத்து ரோஸ். இப்போது எந்த நிறமும் படாத வரிகள்தான் பக்கத்தில் பளிச்சென்று தெரிகின்றன. "கேள்வி அதுலதான் வரும் சார்" என்று அவற்றை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறார்.

படிப்பு மூளைக்குள் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. நாக்குக்கும் இறங்கிவிட்டது. மெயின்ஸ் தேர்வின் முதல் மூன்று பொது அறிவுத் தாள் ஒவ்வொன்றிலும் 20 கேள்விகள். 10 மார்க் கேள்விக்கு 150 சொல், 15 மார்க்குக்கு 250 சொல். மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடியவேண்டும். கேள்விக்கு ஒன்பதே நிமிடம். முன்னுரை, இரண்டு பக்க நியாயம், ஒரு கமிஷன், ஓர் அரசியல் சட்டப் பிரிவு, கடைசியில் 'வே ஃபார்வர்ட்' என்ற சுபமான முடிவு. இதையே வருடக்கணக்கில் எழுதி எழுதி, வேறு மாதிரி பேசத் தெரியாமல் போய்விட்டது.

"தம்பி, பாத்ரூம் குழாய் சொட்டுதாமே, பிளம்பரை வரச்சொல்லவா?" என்று கேட்டேன்.

"இதை ரெண்டு கோணத்துல பாக்கணும் சார். ஒருபக்கம், தண்ணி வீணாகுது. ஐ.நா.வோட நிலையான வளர்ச்சி இலக்குகள்ல ஆறாவதே தண்ணிதான். மறுபக்கம், நிதிச் சுமைன்னு ஒண்ணு இருக்கு. சம்பந்தப்பட்டவங்க மூணு தரப்பு: நீங்க, நான், கார்ப்பரேஷன். 74-வது திருத்தத்தோட நோக்கத்தைப் பாத்தீங்கன்னா, அதிகாரம் கீழ்மட்டத்துக்குப் போகணும்…"

"அப்ப பிளம்பர்?"

"வே ஃபார்வர்ட் என்னன்னா, தொழில்நுட்பமும் மக்கள் பங்கேற்பும் கைகோத்து ஒரு சமநிலையான தீர்வு காணணும்."

அவர் முடிப்பதற்குள் பக்கெட் நிறைந்துவிட்டது. எதிர்க்கருத்தை மதித்தார், சட்டத்தைச் சொன்னார், யாரையும் புண்படுத்தவில்லை, எந்த முடிவும் எடுக்கவில்லை. இத்தனை தகுதியும் கைவசம் உள்ளவரை அரசாங்கம் ஏன் இன்னும் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

2012 வரை இந்தத் தேர்வுக்கு விருப்பப் பாடம் இரண்டு எழுதவேண்டும். 2013-இலிருந்து ஒன்று போதும். நம்மவர் ஒன்றில் நிற்கிற ஆள் இல்லை. முதலில் வரலாறு, பிறகு பொருளாதாரம், இப்போது தத்துவம். ஒவ்வொரு ஆப்ஷனலுக்கும் ஆளே மாறிப்போவார்.

வரலாறு எடுத்த காலத்தில் சுவர் முழுக்க இந்திய வரைபடம். முதல் தாளில் வரைபடக் கேள்விக்கு மட்டும் 50 மார்க். 20 இடங்களை அடையாளம் சொல்லவேண்டும். காலிபங்கனையும் லோத்தலையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் காட்டுவார். தி.நகருக்கு எந்த பஸ் என்றால் விழிப்பார். அந்த வருடம் மெயின்ஸ் கைநழுவியது. "என்ன தம்பி ஆச்சு?" என்று துக்கம் விசாரிக்கப் போனால் அதற்கும் பாடம் நடந்தது. அரசியல் காரணங்கள், சமூகக் காரணங்கள், பொருளாதாரக் காரணங்கள் என்று அடுக்கி, கடைசியில் உடனடிக் காரணத்துக்கு வந்தார். 1857-க்குக் கொழுப்புத் தடவிய தோட்டா. இவருக்கு முதல் நாள் ராத்திரி சாப்பிட்ட முட்டைப் பரோட்டா.

பொருளாதாரத்துக்கு மாறியதும் நான்தான் மாட்டிக்கொண்டேன். வாடகையில் கொஞ்சம் ஏற்றலாமென்று வாயெடுத்தேன். பணவீக்க இலக்கு 4 சதவீதம், மேலும் கீழும் 2 சதவீதம்வரை பொறுத்துக்கொள்ளலாம், நீங்கள் கேட்பது அதையும் தாண்டுகிறது என்றார். அது ரிசர்வ் வங்கிக்குச் சொன்னதப்பா, எனக்கில்லை என்றேன். "ரிசர்வ் வங்கியே தொடர்ந்து மூணு காலாண்டு இலக்கைத் தவறவிட்டா அரசாங்கத்துக்கு எழுத்துமூலமா விளக்கம் கொடுக்கணும் சார்" என்று என்னைப் பார்த்தார். நான் விளக்கம் எழுதத் தயாராக இல்லாததால் பழைய வாடகையே நீடித்தது.

அதே நாட்களில்தான் டீக்கடையில் ஒரு ஜூனியர் பையனுக்கு மூழ்கிய செலவு என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தார். போட்ட பணம் திரும்பி வராது என்று தெரிந்தபின், 'இவ்வளவு போட்டாச்சே' என்பதற்காக மேலும் போடக்கூடாது. போனது போனதுதான், இனி வருவதை வைத்து முடிவெடுக்கவேண்டும். அருமையான விளக்கம். பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். நம்மவர் டீக் கிளாஸை வைத்துவிட்டு அடுத்த அட்டெம்ப்ட்டுக்கு விண்ணப்பம் போட எழுந்து போனார்.

தத்துவம் எடுத்ததற்கு ஒரே காரணம், சிலபஸ் சின்னது. அதில் உள்ளூர்ப் பெண் ஒருத்தி இவருக்கு முன்னோடி என்று சொன்னேன். மணிமேகலை வஞ்சி மாநகருக்குப் போய், அளவைவாதி தொடங்கி பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் அவரவர் சமயக் கொள்கையை நின்றபடியே கேட்டுக்கொண்டாள். ஒரே காதையில் கிட்டத்தட்ட பாதி சிலபஸ் முடிந்துவிட்டது. கட்டணமும் இல்லை, டெஸ்ட் சீரிஸும் இல்லை. "அவங்களுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது சார்" என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

தத்துவத்தால் மார்க் எவ்வளவு வந்ததோ, எனக்குத் தெரியாது. வாழ்க்கைக்கு மிகவும் பயன்பட்டது. பிரிலிம்ஸ் முடிந்த அன்று மாலையே பயிற்சி மையங்கள் ஆன்சர் கீ வெளியிட்டுவிடும். 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மார்க், தப்பானால் அதில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. எல்லாரும் கூட்டிக் கழித்து அழுதுகொண்டிருந்தபோது இவர் அசையவில்லை. சார்வாகர்கள் அனுமானத்தைப் பிரமாணமாக ஒப்புக்கொள்வதில்லையாம். கண்ணால் கண்டதுதான் உண்மை. ரிசல்ட்டைக் கண்ணால் காணும்வரை, ஆன்சர் கீயை வைத்து ஃபெயில் என்று அனுமானிக்க யாருக்கும் அதிகாரமில்லை. ஊரிலிருந்து அத்தை போன் செய்தபோது மட்டும் சார்வாகத்தை விட்டுச் சமணத்துக்குத் தாவினார். "பாஸாப்பா?" என்ற ஒரு கேள்விக்கு, ஒருவகையில் ஆம், ஒருவகையில் இல்லை, ஒருவகையில் ஆமும் இல்லையும், ஒருவகையில் சொல்லமுடியாதது என்று ஸ்யாத்வாதத்தின் ஏழு படிகளில் நாலாவதற்கு ஏறும்போதே அத்தை போனை வைத்துவிட்டார்.

கல்யாணப் பேச்சும் வராமல் இல்லை. இந்தத் தேர்வில் ஒரு பாட்டி வைத்தியம் உண்டு: கேள்வியில் தரப்பட்ட கூற்றில் 'எல்லா', 'மட்டுமே', 'ஒருபோதும்' என்று வந்தால் பெரும்பாலும் அது தப்பு, கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம். ஊர் ஜோசியர் ஒரு ஜாதகத்தைப் பார்த்து, எல்லாப் பொருத்தமும் இருக்கிறது என்று சொல்லியனுப்பினார். இவர் அந்த வரன் வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த வரனுக்கு எட்டுப் பொருத்தம்தான் என்று ஜோசியர் கவனமாகச் சொன்னார். அதற்கு இவர், "மெயின்ஸ் முடியட்டும்" என்றார். எந்த மெயின்ஸ் என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அப்பாவுடன் மட்டும்தான் இவருடைய 150 சொல் எடுபடாது. இன்டர்வியூவுக்கு முன்பே விரிவான விண்ணப்பம் ஒன்று நிரப்பவேண்டும். இன்டர்வியூவில் அதை வைத்துத்தான் குடைவார்களாம். 275 மார்க். சொந்த மாவட்டம், பெற்றோர் தொழில், பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று இவருக்கு எதுவும் இல்லாததால், எங்கள் மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்துத் தோட்டக்கலை என்று எழுதினார். தண்ணீர் நான்தான் ஊற்றினேன். பெற்றோர் தொழிலுக்கு விவரம் வேண்டி ஊருக்குப் போன் போட்டார்; பக்கத்தில் இருந்ததால் கேட்டேன்.

"அப்பா, மத்திய அரசு 22 பயிருக்குக் குறைந்தபட்ச ஆதார விலை அறிவிக்குது. உங்களுக்குத் தெரியுமா?"

"அதுல நம்ம கொல்லியில இன்னா கீதுன்னு உனுக்குத் தெரியுமாடா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நிலக்கடலை" என்றார், புத்தகத் தமிழில்.

"மல்லாட்டைய புடுங்கி பத்து நாளாச்சி. கமிட்டியில போட்டுட்டு வந்தேன், நல்ல வெலதான்."

"எந்தக் கமிட்டிப்பா? சுவாமிநாதன் கமிட்டியா?"

அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அந்த மல்லாட்டைப் பணம்தான் மாதம் ஐந்தாம் தேதிக்குள் எனக்கு வாடகையாக வந்து சேருகிறது. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. நடுவில் ஒரு வருடம், 'நான் முதல்வன்' திட்டத்தில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் கொடுத்தார்களே, அதில் இவர் பெயரும் வந்தது. "வேலையில சேர்றதுக்கு முன்னாலயே கவருமெண்ட்டு சம்பளம் குடுக்குது" என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

இப்போது கணக்கு நெருக்குகிறது. பொதுப்பிரிவினருக்கு 32 வயதுக்குள் ஆறு அட்டெம்ப்ட். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35-க்குள் ஒன்பது. நம்மவர் இரண்டாம் ரகம், இரண்டு எல்லையும் கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்து என்ன என்று கேட்டேன். வழக்கம்போல ஒருபுறம், மறுபுறம் வருமென்று காத்திருந்தால், முதல்முறையாக ஒரே வரியில் பதில் வந்தது: "குரூப் ஒன் சார்." அங்கே இவருடைய பிரிவுக்கு 39 வயது வரை இடமுண்டு.

அதற்குப் பிறகும் பயமில்லை. வாரக் கடைசியில் ஒரு பயிற்சி மையத்தில் தத்துவம் எடுக்க ஆரம்பித்திருக்கிறார். பையன்கள் இடம் பிடிக்க அடித்துக்கொள்கிறார்களாம். போன வருடம் அவரிடம் படித்த பெண் ஒருத்தி தேறியும்விட்டாள். அந்த வேலைக்கு மெயின்ஸ் எழுதியிருந்தால் போதும். வயது வரம்பு கிடையாது, அட்டெம்ப்ட் கணக்கும் கிடையாது.