சுங்கான் சாஸ்திரம்

மத்தியதரைக் கடலோரத்துப் பிரயர் வேரில் கடைந்த சுங்கானே உத்தமமா, துருக்கியின் எஸ்கிசெஹிரில் அகழ்ந்தெடுத்த மீர்ஷாம் கல்லில் செதுக்கியதே உத்தமமா என்று தர்க்கிப்பதிலும், வர்ஜீனியா இலையின் மாதுரியத்தோடு புகையில் பதமிட்ட லட்டாக்கியாவை எந்த விகிதத்தில் கூட்டுவது என்று ஆராய்வதிலும் ஆயுளைக் கழிக்கச் சித்தமான ரசிகர் ஒருவர் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் குடியேறினால், அவருடைய ஞானம் விசேஷப் பரீட்சைக்கு உள்ளாகும். 2017 முதல் கடைக்காரர் புகையிலையைக் கண்ணில் காட்டலாகாது. 2020 ஜூலை முதல் எல்லாக் கலவைகளும் ஒரே மங்கிய பழுப்பு உறைக்குள், நோயுற்ற அவயவங்களின் சித்திரத்தோடு, சர்வ சமத்துவம் எய்திவிட்டன. ஆதலால் ஒப்பு நோக்க எஞ்சியிருப்பது விலை ஒன்றே, அதுவும் தீர்வையின் கிருபையால் மூர்ச்சை தரத்தக்கது. சரி, வாங்கியாயிற்று, எங்கே பற்றவைப்பது? வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும் பொது நடைவழியிலும் 2013 முதல் தடை. பழைய கல்குவாரியில் நீர் நிறைந்து உண்டான லிட்டில் குய்லின் பூங்காவின் குளக்கரையோ, சுங்கான் ரசிகருக்கென்றே பிரம்மா சிருஷ்டித்தது போன்ற ஸ்தலம். ஆனால் 2022 ஜூலை முதல் பூங்காக்கள் அனைத்திலும் புகைக்கத் தடை. ஆகவே நம் ரசிகர் அங்கே வெறும் சுங்கானைக் கவ்வியபடி அமர்ந்து, அதன் காற்றோட்டத்தைப் பற்றி மட்டும் அபிப்பிராயம் சொல்லலாம்.