நாற்பத்தொரு கலெக்டர்கள்

“டீச்சர், மென்டார் சார் வந்துட்டாரு” என்று கிளாஸ் லீடர் வந்து சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தமும் இருக்காது, சந்தோஷமும் இருக்காது. “கரண்ட் போயிடுச்சு” என்று சொல்லும் முகம் அது.

வெள்ளிக்கிழமை ஏழாவது பீரியட். கால அட்டவணைப்படி அது விளையாட்டுப் பீரியட். சிலபஸ் முடியவில்லை என்று பி.இ.டி. சாரிடம் கெஞ்சி அதை நான் வாங்கினேன். ஹெச்.எம். என்னிடம் கெஞ்சாமலே வாங்கி மென்டார் சாரிடம் கொடுத்துவிட்டார். ஆக, ஒன்பதாம் வகுப்பின் பந்தை நான் திருடினேன், என்னிடமிருந்து அவர் திருடினார். இந்த லட்சணத்தில் புகார் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் சொல்கிறேன்.

அவரை உங்களுக்குத் தெரியும். வங்கியிலோ மின்வாரியத்திலோ முப்பது, முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாட்டில். காலையில் வாக்கிங் முடிந்து, பேப்பரை விளம்பரம் உட்படப் படித்து முடித்தாலும் மணி ஒன்பதரைதான் ஆகியிருக்கும். அதற்கு மேல் அவர் வீட்டில் இருப்பது வீட்டம்மாவுக்குச் சிரமம். அப்போதுதான் சமுதாயத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. சமுதாயம் ரேஷன் கடையிலும் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டிலும் இருக்கிறது. ஆனால் வரிசையாக உட்காரவைத்த சமுதாயம், பாதியில் எழுந்து போக முடியாத சமுதாயம், அரசுப் பள்ளியில்தான் கிடைக்கும்.

சால்வை, போட்டோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அதை நாங்களும்தான் செய்கிறோம். வருஷத்துக்கு ஒருநாள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, காம்பவுண்ட் சுவரில் சூரியக் குடும்பம் வரைந்துவிட்டுப் போகும் கம்பெனிப் பிள்ளைகளையும் விட்டுவிடுகிறேன். எங்கள் சுவரில் இப்போது மூன்று சூரியக் குடும்பங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. சனி மட்டும் எந்தப் பெயின்டுக்கும் மசியாமல் பழைய இடத்திலேயே எட்டிப்பார்க்கிறது. அதுவும் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி.

“நீ என்னவா ஆகப்போறே?”

முதல் வாரம் இதை அவர் கேட்டபோது எங்கள் பிள்ளைகள் வெகுளியாக, உண்மையைச் சொல்லித் தொலைத்தார்கள். மூன்றாம் பெஞ்ச் பையன் எழுந்து, “ஜேசிபி ஓட்டுவேன் சார்” என்றான். சும்மா சொல்லவில்லை, கணக்கோடு சொன்னான். “எங்க மாமா மணிக்கு ஆயிரத்து முந்நூறு வாங்குறாரு சார். டிரைவர் பேட்டா தனி.” கணக்கில் நூற்றுக்கு இருபத்திரண்டு வாங்கும் பிள்ளை. ஒருநாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் எவ்வளவு, டீசல் போக எவ்வளவு என்று பேப்பர் இல்லாமல் சொன்னதைக் கேட்டுக் கடைசி பெஞ்சில் நின்ற நான் அசந்துபோனேன்.

அவருக்கோ முகம் சுருங்கிவிட்டது. மேஜையில் கையை ஊன்றினார். “தம்பி, நீ மண்ணை அள்ளப் பிறந்தவனா? மண்ணை ஆளப் பிறந்தவன்!” என்றார். இந்த வரியை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்திருக்க வேண்டும், அல்லது பையன் ஜேசிபி என்று சொன்னது அவருடைய அதிர்ஷ்டம். கைதட்டச் சொல்லி லீடர் கண்ணைக் காட்ட, வகுப்பு தட்டியது. அதன்பிறகு நான்கு நிமிடம் அந்தப் பையன் நின்றுகொண்டே இருந்தான். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்ட சிறுவன், எல்லாம் வந்தன. பையன் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றான்.

அடுத்து ஒருத்தி, “நர்ஸ் சார்.”

“ஏன், டாக்டர் ஆகக் கூடாதா?” நான்கு நிமிடம்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த சூட்டிகையான ஒருத்தி முந்திக்கொண்டு, “டாக்டர் சார்” என்றாள்.

“சபாஷ்! ஆனா, ஏன் கலெக்டர் ஆகக் கூடாது? நூறு டாக்டருக்கு ஒரு கலெக்டர் ஆர்டர் போடலாமே!”

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020லிருந்தே இருக்கிறது. டாக்டர் என்று வாயெடுத்த பிள்ளையிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம். டாக்டர் எல்லாம் அவருக்கு வழியில் இருக்கும் ஸ்டேஷன், வண்டி அங்கே நிற்காது.

பிறகு ஒரு பெண், பாவம், என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, “டீச்சர் ஆகணும் சார்” என்றாள். அந்த நேரம் நான் அவருக்கு டீ கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். சத்துணவு அம்மாவிடம் சொல்லி, சர்க்கரை இல்லாமல், இஞ்சி தட்டிப் போட்ட டீ. “டீச்சரா?” என்றார். என்னைப் பார்த்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார். “நல்ல வேலைதான். புனிதமான வேலை. ஆனா பாரும்மா, டீச்சருக்கே ஆர்டர் போடுற இடத்துக்கு நீ போகணும்.” ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “டீ நல்லாருக்கு டீச்சர்” என்றார்.

எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பின்னத்தில் தடுமாறுவார்கள், ஆங்கிலத்தில் திணறுவார்கள், ஆனால் பெரியவர்கள் என்ன பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்பதைப் பிடிப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டாவது வாரம் மெதுவாக ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் பரவியது. நான்காவது வாரம் முதல் பெஞ்சின் ஓரத்திலிருந்து தொடங்கி, “கலெக்டர் சார்”, “கலெக்டர் சார்”, “கலெக்டர் சார்” என்று ஆஜர் சொல்வதுபோலச் சொல்லி உட்கார்ந்தார்கள். ஜேசிபி பையனும் “கலெக்டர் சார்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. மொத்தம் நாற்பத்தொரு பேர்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாக. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாலே வாரம் டீச்சர்! எப்படி மாத்திட்டேன் பாத்தீங்களா?” என்றார்.

அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் எங்களுக்கு ஒரே கவலை. தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் 41. ஒருத்தியைக் காரைக்காலுக்கு அனுப்பிவிடலாம், இன்னொருவனுக்குப் புதுச்சேரி கிடைத்தாலும் ஒருவன் மிஞ்சுகிறானே என்று அறிவியல் சார் விரலை மடக்கினார். மாவட்டத்தைப் பிரிக்கச் சொல்லி மனு போடலாம் என்றார் தமிழம்மா. எனக்கு ஒரு லாபம் உண்டு. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடம் கண மொழி. ‘அனைத்துக் கணம்: வகுப்பு மாணவர்கள். A என்பது கலெக்டர் ஆக விரும்புவோர். A-இன் நிரப்புக் கணம் என்ன?’ என்று கரும்பலகையில் எழுதினேன். வகுப்பே சிரித்துக்கொண்டு “வெற்றுக் கணம் டீச்சர்” என்றது. அந்த வருஷம் அந்தப் பாடத்தில் ஒருவர்கூடத் தவறவில்லை.

எப்போதாவது அவர் “கேள்வி கேளுங்க, கேள்வி கேளுங்க, கேள்வி கேக்குறவன்தான் முன்னேறுவான்” என்பார். யாரும் கேட்க மாட்டார்கள். ஒருமுறை ஒரு குட்டிப் பையன் கேட்டுவிட்டான். “சார், நீங்க ஏன் சார் கலெக்டர் ஆகல?”

மேலே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. அவர் டீ டம்ளரை எடுத்தார். அதில் டீ இல்லை. “அப்போல்லாம் வழிகாட்ட ஆள் இல்லப்பா” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அன்றைக்கு அவர் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே முடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பையன் மேல் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

ஆனால் பரிதாபப்பட்டு எவ்வளவு நாள் பீரியடை விட்டுக்கொடுப்பது? அந்த நாற்பத்தொரு பேரில் ஏழு பேருக்குத் தமிழில் ஒரு பத்தி தடையில்லாமல் வாசிக்க வராது. பதினோரு பேருக்கு வகுத்தல் வராது. அதை ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு நான் ஒருத்தி சரிசெய்ய முடியாது. எனக்கு முக்கோணமும் இயற்கணிதமும் நடத்த வேண்டும், எமிஸ் தளத்தில் தினமும் எதையாவது ஏற்ற வேண்டும். எனக்குத் தேவை ஒரு ஆள். வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டு, இரண்டே இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வாரம் ஒரு மணி நேரம், ஒரு வருஷம் வாசிக்கவைக்கும் ஆள். மைக் வேண்டாம், பேனர் வேண்டாம். இதை அவரிடம் வாய்விட்டே கேட்டேன். “அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே டீச்சர். நான் விஷன் கொடுக்கிறேன்” என்றார்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கினார்களே, அதில் தன்னார்வலராகச் சேர்ந்தவள். பி.ஏ. படித்தவள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், மாரியம்மன் கோயில் மண்டபத்தில், சளி ஒழுகும் இருபது வாண்டுகளுக்குக் கழித்தலில் கடன் வாங்கச் சொல்லிக்கொடுத்தாள். யாரும் அவளை மென்டார் என்று கூப்பிட்டதில்லை. ஒரு சால்வையும் போர்த்தியதில்லை. அவளிடம் படித்துவிட்டு ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை வாசிக்கும் வேகத்திலேயே அடையாளம் கண்டுபிடிப்போம்.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முழுவதும் கண் பரிசோதனை முகாமுக்குப் போயிருந்தது. மென்டார் சார் வந்து, சமுதாயம் இல்லாமல், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தார். நான், முதலிலேயே பரிசோதனை முடிந்து திரும்பிவிட்ட ஒரு பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, அவள் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறியவள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. கூடத் தேறிய இரண்டு பேருக்கும் பணம் வந்துவிட்டது, இவளுக்கு மட்டும் வரவில்லை. அவள் அம்மா நூறு நாள் வேலையை விட்டுவிட்டு நான்கு தடவை வங்கிக்கு நடந்திருக்கிறார். “ஆதார் இணைச்சாச்சு, போங்க” என்பதுதான் நான்கு தடவையும் பதில்.

“இங்க கொடும்மா” என்று ஒரு குரல். நான் இதுவரை கேட்காத குரல். மைக் முன்னால் வரும் குரல் இல்லை இது. பாஸ்புக்கை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டினார்.

“இணைக்கிறது வேற, சீடிங் வேற டீச்சர். அரசாங்கப் பணம் ஆதார் நம்பரைப் பாத்துதான் போகும். எந்தக் கணக்கு கடைசியா சீடிங் ஆச்சோ, அதுலதான் விழும்.” அவள் பக்கம் திரும்பினார். “வேற எங்கயாவது கணக்குத் தொடங்கினியா?”

“இல்ல சார்.”

“எங்கயாவது மெஷின்ல கைரேகை வெச்சியா?”

அவள் யோசித்தாள். “ஸ்கூல்ல கேம்ப் போட்டப்ப போஸ்ட் ஆபீஸ்காரர்கிட்ட வெச்சேன் சார்.”

அந்த முகாமுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியதே நான்தான். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அம்மாவும் பெண்ணும் தபாலகத்துக்குப் போனார்கள். பன்னிரண்டாயிரமும் அங்கே அலுங்காமல் படுத்துக்கிடந்தது. எனக்கு மூன்று மாதம் பிடிபடாததை அந்த மனிதர் இரண்டே கேள்வியில் பிடித்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமையே இன்னும் இரண்டு பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்து, ஒன்றில் இனிஷியல் ஆதாரில் பின்னாலும் பாஸ்புக்கில் முன்னாலும் இருப்பதைப் பென்சிலால் வட்டமிட்டு, வங்கிக்கு எழுத வேண்டிய கடிதத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார். அச்சுப்போல் கையெழுத்து. டீ ஆறிப்போயிருந்தது, கவனிக்கவே இல்லை.

“சார், வாரா வாரம் இதையே செய்யலாமே. பள்ளியில பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இந்த மாதிரி சிக்கல் இருக்கு” என்றேன்.

“இதுவா? இது கிளார்க் வேலை டீச்சர்” என்று சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை எடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழாவது பீரியட். முதல் பெஞ்ச் கலெக்டர், கலெக்டர், கலெக்டர் என்று முடித்தது. இரண்டாம் பெஞ்சில் அந்தப் பெண் எழுந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவரை நேராகப் பார்த்து, “பேங்க் மேனேஜர் ஆகணும் சார்” என்றாள்.

அவர் பதறிவிட்டார். “சே, சே! அது என்னம்மா பெரிய வேலை? லெட்ஜரைப் பாத்துப் பாத்தே ஆயுசு போயிடும். நீ கலெக்டர் ஆகணும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“சரிங்க சார், கலெக்டர்” என்று உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள்.