பர்னிஹாட்டில் மூச்சுவிடுவது எப்படி?

குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங் போகும் நெடுஞ்சாலையில், அசாமும் மேகாலயாவும் உரசிக்கொள்ளும் எல்லையில் இருக்கிறது பர்னிஹாட். காற்றின் தரத்தைக் கணக்கெடுக்கும் ஐக்யூஏர் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலகிலேயே காற்று மிக மோசமான ஊர் இந்தச் சிற்றூர்தான். அதில் டெல்லியே பின்னால்தான் நின்றது. அங்கே மாற்றலாகிப் போகிறவர்களுக்கு ஐந்து யோசனைகள்:

1. முதலில் கணக்கு. பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானைத் தாண்டாத தூசி. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்குக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு நுரையீரலின் கடைசி அறைவரை போய்க் குடியேறிவிடும். ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாடு பெரிய மனசு பண்ணி 40 வரை விடுகிறது. அந்த அறிக்கையில் பர்னிஹாட் எடுத்த மதிப்பெண் 128.2. வீட்டில் சொல்லும்போது முதல் ரேங்க் என்று மட்டும் சொல்லுங்கள்.

2. விடியற்காலை நடையை விடுங்கள். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். மேலே இருக்கும் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். இரும்பாலை, சிமென்ட் ஆலைப் புகையும், லாரிகள் கிளப்பிய புழுதியும் குன்றுகளுக்கு நடுவே பானைக்குள் மாட்டிய ஆவிதான். வெயில் ஏறி மூடி திறந்த பிறகு நடங்கள். "அஞ்சு மணிக்கு எழுந்து நடப்பா" என்று சொல்லி அனுப்பிய மாமாவிடம் நடந்ததாகவே சொல்லிக்கொள்ளலாம்.

3. மேகத்தையும் புகையையும் பிரித்தறியுங்கள். மேகாலயா என்றால் மேகங்களின் வீடு. அதை நம்பி, எதிரே வெள்ளையாகத் தெரிவதை எல்லாம் படம் பிடித்து அனுப்பாதீர்கள். சட்டை ஈரமானால் மேகம். தொண்டை கரகரத்தால் புகை.

4. புகையிடம் சொந்த ஊர் கேட்காதீர்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஆலைகள் உண்டு. இந்தப் பக்கம் கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டுவார்கள். அங்கே போனால் இந்தப் பக்கத்தை. காற்றுக்கு மட்டும் எல்லைக்கல் தெரியாது. இந்த வழக்கு முடியும்வரை மூச்சை அடக்க முடியாதென்பதால், என்95 முகக்கவசம் வாங்குங்கள். கைக்குட்டை கட்டினால் உங்களை யாருக்கும் அடையாளம் தெரியாது, தூசிக்குத் தெரியும்.

5. ஜூன் வரை பொறுங்கள். பங்குனி, சித்திரையில் இடியோடு வரும் கோடைமழை ஊரைக் கொஞ்சம் அலசிவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்து, செப்டம்பர்வரை தூசியைத் தரைக்கு இறக்கிக்கொண்டே இருக்கும். அப்போது ஜன்னலைத் திறங்கள், துணியை வெளியே காயப்போடுங்கள். காயாது; ஆனால் கறுக்காது.

மழை நின்றதும் மறுபடி முதல் யோசனையிலிருந்து தொடங்குங்கள். இந்த ஊரின் காற்றைச் சுத்தம் செய்யும் வேலையை ஒழுங்காகப் பார்ப்பது மழை ஒன்றுதான். அதற்குச் சம்பளம் கிடையாது. வருஷத்தில் எட்டு மாதம் விடுப்பு. அந்த எட்டு மாதத்தையாவது சம்பளம் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளக் கூடாதா?