லயத்து நூலகம்

கேள்வி: பல்கலைக்கழக விடுமுறைக்கு ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் மாணவர் அந்த நாட்களை எப்படிப் பயனாக்கலாம்?

பதில்: தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அடுப்படியே மலையகத்தின் மிகப் பெரிய நூலகம், பாட்டி உறங்கினால் அது மூடப்படும். கொழுந்து பறித்தபோது பாடிய பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்கள நினைவு, 1948 குடியுரிமைச் சட்டம் வீட்டுக்குள் கொண்டுவந்த கலக்கம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் கடல் தாண்டிப் பிரிந்த உறவுகளின் பெயர்கள், எல்லாமே கைபேசியில் பதியத் தக்கவை. வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, கைபேசி இல்லாத காலத்திலேயே மலையக நாட்டார் பாடல்களைத் திரட்டியவர். பதியும்போது பாடியவர் அல்லது சொன்னவர் பெயர், தோட்டம், திகதி மூன்றையும் குறிப்பது அவசியம். பகலில் அம்மா மலையில் நிற்பார்; பேட்டிக்கு அந்தித் தேத்தண்ணி வேளையே உகந்தது.