குட்டி வந்தது, தும்மலும் கூடவே வந்தது

விடுமுறையில் பிள்ளைகளுக்கு நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் வாங்கிக் கொடுத்த வீடுகளிலிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே பாத்திரங்கள்: ஒரு குழந்தை, ஒரு குட்டி, ஒரு நனைந்த கைக்குட்டை. ஆகவே இந்த வாரம் அரசியல், சினிமா கேள்விகளுக்கு விடுப்பு.

கே: சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று வாங்கினோம். வந்த நாளிலிருந்து ஏழு வயது மகளுக்குத் தும்மல், கண் அரிப்பு. "முடிதான் காரணம், ஒட்ட வெட்டிவிடு" என்கிறார் கணவர். வெட்டலாமா?
*– ஒரு தாய், மதுரை*

ப: சிப்பிப்பாறையிடம் ஒட்ட வெட்டுவதற்கு என்ன இருக்கிறது, அம்மா? அதற்கு இருப்பதே விரலுக்குச் சிக்காத முடி. அந்த நாய்க்கும் உங்கள் மகள் தும்முகிறாள் என்றால், குற்றவாளி முடியல்ல என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

தும்ம வைப்பது சில புரதங்கள். அவை நாயின் எச்சிலில், தோலிலிருந்து உதிரும் பொடுகில், சிறுநீரில் இருக்கின்றன. முடி வெறும் பேருந்து. இந்தப் புரதங்கள் அதில் ஏறி வீடெல்லாம் சுற்றும் பயணிகள். பேருந்தை நிறுத்தினால் பயணிகள் பொடுகில் ஏறிக்கொள்வார்கள். மொட்டையடித்தால் குட்டியின் தோல் வெயிலில் புண்ணாவதுதான் மிச்சம்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு பொருளை எதிரி என்று உடம்பு பழகிக்கொள்ளப் பொதுவாக வாரங்கள், மாதங்கள் ஆகும். வந்த நாளே தும்மல் என்றால், உங்கள் மகள் முன்பே பக்கத்து வீட்டு நாயிடமோ சித்தி வீட்டு நாயிடமோ பழகியிருக்க வேண்டும். அல்லது காரணம் நாயே இல்லாமலும் இருக்கலாம். பரிசோதித்துப் பார்க்காமல் குட்டிக்குத் தண்டனை கொடுக்க வேண்டாம்.

கே: எங்கள் காலத்தில் மாடு, கன்று, கோழி, நாய் எல்லாம் வீட்டோடுதான் இருந்தன. யாருக்கும் அலர்ஜி கிடையாது. இன்றைய பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்த்ததால் வந்த வினைதானே இது?
*– ஒரு தாத்தா, கும்பகோணம்*

ப: உங்கள் அனுபவத்தில் உண்மை இருக்கிறது, ஐயா. ஸ்வீடன் நாட்டில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். பிறந்த முதல் ஆண்டில் வீட்டில் நாய் இருந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவாக இருந்தது. பண்ணை விலங்குகளோடு வளர்ந்தவர்களுக்கு அதைவிடவும் குறைவு.

ஆனால் அது தொட்டிலில் கிடக்கும் வயதுக்கான கணக்கு. ஏற்கெனவே மூச்சு வாங்கும் பேரனைக் கன்றுக்குட்டி பக்கத்தில் உட்கார வைத்தால் அந்தக் கணக்கு உதவாது. அன்று மாடு தொழுவத்தில் படுத்தது, நாய் திண்ணைக்குக் கீழே சுருண்டது, காற்று முற்றத்தின் வழியாகப் போய் வந்தது. இன்று ஜன்னலைச் சாத்திய ஏசி அறையில், பேரனின் தலையணையிலேயே நாயும் தூங்குகிறது. பேரன் பலவீனமானவன் என்று மட்டும் அவன் காதுபடச் சொல்லிவிடாதீர்கள்.

கே: மகன் காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்முகிறான். பகலில் நாயோடு உருண்டு புரளும்போது ஒன்றும் இல்லை. நாய்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?
*– ஒரு அப்பா, நாகர்கோவில்*

ப: பகலெல்லாம் நாயோடு புரண்டும் தும்மல் இல்லை, படுக்கையிலிருந்து எழுந்ததும் தும்மல் என்றால், நான் முதலில் விசாரிப்பது மெத்தையை. வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் வாழ்கின்றன. நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அவற்றுக்குச் சாப்பாடு, ஈரக்காற்றுதான் சொர்க்கம். கடலோர ஊர்களில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. பாட்டி காலத்து இலவம்பஞ்சுத் தலையணை உங்கள் வீட்டில் இருந்தால் அது அந்த உண்ணிகளுடைய மாளிகை. கரப்பான்பூச்சியின் எச்சமும் இதே வேலையைச் செய்யும்.

உறுதி செய்ய ஸ்கின் ப்ரிக் டெஸ்ட் இருக்கிறது. முழங்கைக்குக் கீழே வரிசையாக அலர்ஜிப் பொருட்களின் சொட்டு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசி நுனியால் மெல்லக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில், ஒத்துக்கொள்ளாத பொருள் வைத்த இடம் கொசு கடித்ததுபோல் தடிக்கும். செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை உடம்பில் இருந்தால் தடிப்பே வராது; எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அலர்ஜிக்கான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. நூற்றுக்கணக்கான பொருட்களை ஒரே துளி ரத்தத்தில் பார்த்துச் சொல்கிறோம் என்று பேக்கேஜ் விற்கிறார்கள். அந்தக் காகிதத்தில் கத்தரிக்காய், கடலை, கோழி, நாய் எல்லாவற்றுக்கும் நேராகச் சிவப்பில் எண் வரும். உடனே குழந்தையின் தட்டிலிருந்து பாதிச் சாப்பாட்டை எடுத்துவிடுவார்கள். பரிசோதனையில் எண் வந்து, உடம்பில் தொல்லை இல்லையென்றால் அது அலர்ஜி நோய் ஆகாது. குழந்தையின் கதையை முழுதாகக் கேட்கும் டாக்டர்தான் முதல் பரிசோதனை. எப்போது, எந்த அறையில், எதற்குப் பிறகு தும்மல் வந்தது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

கே: "இந்த இன நாய்க்கு அலர்ஜியே வராது, உத்தரவாதம்" என்று சொல்லி ஒருவர் அதிக விலைக்கு ஒரு கலப்பினக் குட்டி தருகிறார். நம்பலாமா?
*– கல்லூரி ஆசிரியை, கோவை*

ப: வேண்டாம். அலர்ஜி தராத நாய் இனம் இதுவரை பிறக்கவில்லை. லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து 1980-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் லாப்ரடூடில் உருவாக்கினார்கள். பார்வையற்ற ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது, அவருடைய கணவருக்கோ நாய் அலர்ஜி; அந்தக் கருணையில் பிறந்த இனம் அது. பிறகு அதை வைத்து உலகமெங்கும் வியாபாரம் நடந்தது. 2012-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பல இன நாய்களின் முடியையும் அவை வாழும் வீடுகளின் தூசியையும் எடுத்து அளந்தார்கள். "அலர்ஜி தராது" என்று பெயர் வாங்கிய இனங்களின் முடியில், முக்கியமான நாய்ப் புரதம் மற்ற இனங்களைவிட அதிகமாகவே இருந்தது.

உத்தரவாதத்துக்குப் பதில் ஒத்திகை கேளுங்கள். வாங்க நினைக்கும் குட்டி இருக்கும் வீட்டுக்குக் குழந்தையை நாலைந்து தடவை கூட்டிப் போய், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரமாவது விளையாட விடுங்கள். ஒரே இனத்தில் ஒரு நாய் ஒத்துக்கொள்ளும், இன்னொன்று ஒத்துக்கொள்ளாது. இன்னொரு சுவாரசியம்: நாய்ப் புரதங்களில் ஒன்று ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில்தான் உண்டாகிறது. அது ஒன்றுக்கு மட்டும் அலர்ஜி உள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெண் நாயோ, கருத்தடை செய்த ஆண் நாயோ ஒத்துப்போகலாம். எந்தப் புரதம் என்று பிரித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பெண் குட்டி என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்!

கே: நாயோடு சேர்ந்து படுத்தால் பழகிவிடும் என்கிறார் மாமியார்.
*– ஒரு மருமகள், ஈரோடு*

ப: பழகுவது நாய்தான். குழந்தையின் தும்மல் இழுப்பாக மாறக்கூடும். படிப்படியாக உடம்பைப் பழக்கும் மருத்துவம் வேறு: அளந்த சிறு அளவில் ஊசியாகவோ நாக்கின் அடியிலோ, சிறப்பு மருத்துவர் மேற்பார்வையில், மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தருவார்கள். மாமியாரின் நல்லெண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நாயைப் படுக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கே: சோதனை செய்தாயிற்று. நாய்தான். மூக்கொழுக்கு, தும்மல் மட்டும்தான், வீசிங் இல்லை. நாயை அனுப்ப யாருக்கும் மனமில்லை. என்ன செய்தால் சேர்ந்து வாழலாம்?
*– ஒரு குடும்பம், திருச்சி*

ப: முழுக் குடும்பமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வேலையிலும் அதே ஒற்றுமை வேண்டும்.

முதல் விதி, படுக்கையறை. குழந்தை தினமும் ஒன்பது, பத்து மணி நேரம் மூச்சு விடும் இடம் அது. நாய்க்கு அங்கே நுழைவே கிடையாது. "இன்னிக்கு மட்டும்" என்ற சலுகையும் கிடையாது. மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். கனமான திரைச்சீலை, தரை விரிப்பு, பஞ்சு பொம்மைப் படை எல்லாவற்றையும் அந்த அறையிலிருந்து வெளியேற்றுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை போடுங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து உச்சி வெயிலில் காயப்போடுங்கள். ஏசியின் வடிகட்டியைக் கழுவுங்கள்.

விளக்குமாறு இந்த வீட்டில் வில்லன். உலர்ந்த தூசியைக் கிளப்பிக் குழந்தையின் மூக்கு உயரத்துக்கு ஏற்றிவிடும். ஈரத் துணியால் துடையுங்கள், குழந்தை பள்ளியில் இருக்கும் நேரத்தில்.

நாயைக் குளிப்பாட்டினால் புரதம் குறையும், ஆனால் மூன்று நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். பலன் வேண்டுமென்றால் வாரம் இருமுறை குளியல். அதை நாயின் தோல் தாங்குமா, எந்த ஷாம்பு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். சீவி விடுவது வாசலுக்கு வெளியே, அலர்ஜி இல்லாதவர் கையால். அந்த வேலையை அப்பா எடுத்துக்கொள்ளட்டும். "நாய் வாங்கலாம்" என்று முதலில் சொன்னவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.

குழந்தை நாயைத் தொட்டு விளையாடலாம். முகத்தை நக்க விடக்கூடாது. விளையாட்டு முடிந்ததும் கை, முகம் கழுவி உடை மாற்ற வேண்டும். காற்று வடிகட்டும் கருவி, ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருந்தால், காற்றிலுள்ளதைக் குறைக்கும். சோபாவில் ஒட்டியதை ஒன்றும் செய்யாது. கையில் பணம் குறைவென்றால் அதற்கு முன் மெத்தை உறை வாங்குங்கள்.

கே: பூனையைத் தங்கை வீட்டுக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. மகனுக்கு வீசிங் நிற்கவில்லை. பாவம், பூனை நிரபராதியா?
*– ஒரு அம்மா, பெரம்பூர்*

ப: தீர்ப்பு எழுத இன்னும் சில மாதம் பொறுங்கள். பூனைப் புரதம் பொல்லாத ஒட்டுண்ணி. பூனை தன் உடம்பை நக்கி நக்கிப் பூசிக்கொள்வது, காய்ந்து மிக நுண்ணிய துகளாகி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். சுவர், திரை, சோபா எல்லாவற்றிலும் படிந்துவிடும். பூனை போன பிறகும் வீட்டில் அதன் அளவு நன்றாகக் குறைய நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். சோபா உறை, திரை எல்லாவற்றையும் துவைத்தால் சீக்கிரம் குறையும்.

வகுப்பறையையும் யோசியுங்கள். பூனை வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் நிறைய உள்ள வகுப்புகளில், பூனையே வளர்க்காத அலர்ஜிக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா மோசமானதை ஸ்வீடனில் கண்டிருக்கிறார்கள். சட்டையிலேயே பயணம் செய்கிற சாமர்த்தியம் அந்தப் புரதத்துக்கு. தங்கை வீட்டுக்குப் பூனையைப் பார்க்கப் போய் வந்தால், வந்ததும் எல்லோரும் உடை மாற்றுங்கள்.

வீசிங் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். காத்திருப்பது பூனை விஷயத்தில்தான், சிகிச்சையில் இல்லை. டாக்டரை இந்த வாரமே பாருங்கள்.

கே: மான்டெலுகாஸ்ட் என்ற அலர்ஜி மருந்து கலந்த சிரப்பை மருந்துக் கடையில் வாங்கி மகனுக்கு மாதக்கணக்கில் கொடுத்து வருகிறேன். நாயும் இருக்கிறது, தும்மலும் இல்லை. இப்படியே தொடரலாமா?
*– ஒரு தந்தை, தூத்துக்குடி*

ப: கூடாது. பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருக்கும் மருந்து அல்ல அது. சில குழந்தைகளுக்கு அதனால் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வருகிறது என்பதால் 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன்மேல் அச்சிடச் சொன்னது. மகன் சமீபமாகச் சிடுசிடுக்கிறானா, தூக்கத்தில் அலறுகிறானா என்று நினைத்துப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்குக்கு ஸ்ப்ரே, மூச்சுக்குழாய்க்கு ஸ்பேசர் என்ற குழாய் வைத்த இன்ஹேலர் என்று நல்ல வழிகள் இருக்கின்றன. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயந்து சிரப்பில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் இன்ஹேலருக்குத் தேவைப்படும் அளவு மிகச் சிறிது.

மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கே: டாக்டர் நாயை அனுப்பிவிடச் சொல்லிவிட்டார். "ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடலாம், பிழைத்துக்கொள்ளும்" என்கிறார் வீட்டில். மனம் ஒப்பவில்லை.
*– ஒரு இல்லத்தரசி, வேலூர்*

ப: உங்கள் மனம் சரியாகச் சொல்கிறது. மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் ஆஸ்துமா அடங்கவில்லை என்றால் நாய் போகத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எப்படிப் போகிறது என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. வீட்டில் தட்டில் சாப்பிட்டு வளர்ந்த நாய் தெருவில் பிழைக்காது. மற்ற நாய்கள் விரட்டும், வண்டி அடிக்கும். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்க விட்டுப் போவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

முதலில் சொந்தபந்தம், பிறகு அலுவலக நண்பர்கள், பிறகு கால்நடை மருத்துவர்; அவருக்கு நாய் தேடும் வீடுகள் தெரிந்திருக்கும். தடுப்பூசி அட்டை, வழக்கமான சாப்பாடு, அது படுக்கும் துணி ஆகியவற்றோடு அனுப்புங்கள். போகப் போகிற வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை வையுங்கள். விலங்குகள் காப்பகம் கடைசி வழியாகவே இருக்கட்டும். சென்னையில் 1959 முதல் இயங்கும் ப்ளூ கிராஸ் போன்ற இடங்களில் அடிபட்டதும் கைவிடப்பட்டதுமாக ஏற்கெனவே இடநெருக்கடி; வீடு உள்ள நாய்க்கு வீடாகவே தேடுவது நல்லது.

கே: எனக்கு வீசிங் வருவதால் எங்கள் மணியை அத்தை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். என்னால்தான் மணி போகிறானா? நான் வேறு எதை வளர்க்கலாம்? கிளி வளர்க்கலாமா?
*– நான்காம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்*

ப: உன்னால் இல்லை, தங்கம். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, மணியும் செய்யவில்லை. உன் உடம்பில் காவல் காக்கும் வீரர்கள் கொஞ்சம் அவசரக்காரர்கள். மணியைத் திருடன் என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறார்கள், அதில் உனக்கு மூச்சு முட்டுகிறது. வீட்டில் யாராவது "உன்னால்தான்" என்று சொன்னால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் காட்டு. அம்மா, அப்பாவும் இதைப் படிக்கட்டும்: அழ வேண்டுமென்றால் அவள் அழட்டும், நீங்களும் சேர்ந்து அழுங்கள், அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள்.

அத்தை வீடு என்பதால் மணியின் குரலைப் போனில் கேட்கலாம். நேரில் பார்க்கப் போவது பற்றி டாக்டரிடம் நீயே கேள். அவர் சரி என்றால் மணியோடு அறைக்குள் இல்லாமல் வாசலில் விளையாடு. இன்ஹேலர் அம்மாவின் பையில் இருக்கட்டும்.

கிளி வேண்டாம். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைக்க வனவிலங்குச் சட்டம் அனுமதிப்பதில்லை, நட்சத்திர ஆமைக்கும் அப்படியே. முயல், வெள்ளெலி, கினிப்பன்றி எல்லாம் மணியைப் போலவே உன்னைத் தும்ம வைக்கலாம். மீன் வளர்க்கலாம், அதனிடமிருந்து முடியும் பொடுகும் காற்றில் வராது. மீன் தீனித் தூள் மட்டும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதனால் தூளாக இல்லாமல் உருண்டையாக வாங்கச் சொல், அதையும் அப்பா போடட்டும். மீன்களுக்குப் பெயர் வைக்கிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.